கடற்கரையில் ஃபிளாஷ்: மார்ட்டின் பார் அன்றாடத்தைப் படம்பிடித்த முறை

1980களின் தொடக்கம்வரை பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் பாருக்குப் பெயர் வாங்கித் தந்த படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். வடக்கு இங்கிலாந்தின் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1975 முதல் சில ஆண்டுகள் தங்கி, மெதடிஸ்ட் சபைகளின் சிறிய தேவாலயங்களையும், அங்கே கூடிய முதியவர்களையும், அவர்களின் தேநீர் விருந்துகளையும் லைக்கா கேமராவில் எடுத்தார். அந்தப் படங்களை யாரும் குறை சொன்னதில்லை. மறைந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் பார்ப்பவருக்கு இரக்கமும் ஏக்கமும் தாமாகவே வந்துவிடும். படம் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை.

அந்த வசதியைத்தான் அவர் 1982 வாக்கில் விட்டார். மெர்சி ஆற்றின் வாயில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி பகுதிக்குக் குடிபெயர்ந்தார். பக்கத்திலேயே நியூ பிரைட்டன் கடற்கரை. ஒரு காலத்தில் பிரிட்டனின் மிக உயரமான கோபுரம் நின்ற உல்லாச நகரம். அவர் போனபோது காரை பெயர்ந்து, குப்பைத் தொட்டிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. ஆனாலும் வெயில் அடிக்கும் விடுமுறை நாளில் லிவர்பூல் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு அங்கே குவிந்தன. 1983 முதல் 1985 வரை அவர்களை எடுத்த படங்கள் ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ என்ற பெயரில் 1986இல் புத்தகமாயின. 2025 டிசம்பரில் தன் 73ஆம் வயதில் பார் மறைந்தபோதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தவை அந்தப் படங்களே.

அவருடைய பார்வையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘கேலி’, ‘பரிவு’ என்ற இரண்டு சொற்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். எந்த லென்ஸ், எவ்வளவு தூரம், எந்த ஒளி என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அன்றாட வாழ்க்கையைப் படமெடுப்பதில் உள்ள சிக்கல் எளியது: எல்லோரும் தினமும் பார்ப்பதால் யார் கண்ணிலும் அது படுவதில்லை. போர், பஞ்சம், வெள்ளம் என்றால் பொருளே படத்தைத் தாங்கும். தள்ளுவண்டியோடு சூப்பர் மார்க்கெட்டில் நிற்கும் பெண்ணை எது தாங்கும்? மற்றவர்கள் போர்முனைக்குப் போகிறார்கள், எனக்குத் தெருமுனை சூப்பர் மார்க்கெட்தான் போர்முனை என்ற பொருளில் பார் பலமுறை பேசியிருக்கிறார். 1986இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டின் கடைகளையும் அங்காடிகளையும் ஆவணப்படுத்தும் பணியை ஏற்று, சொன்னபடி அங்கே போய் நிற்கவும் செய்தார்.

சிக்கலுக்கு அவர் கண்ட வழி, விளம்பரத்தின் கருவிகளைக் கடன் வாங்குவது. பளிச்சென்ற நிறம், நேரடி ஃபிளாஷ், நிழலில்லாத கூர்மை எல்லாம் ஐஸ்கிரீமையும் சுற்றுலாவையும் விற்க உண்டானவை. அதே வெளிச்சத்தை ஐஸ்கிரீம் உருகி வழியும் குழந்தையின் முகத்தில் அடித்தால், விளம்பரம் சொன்னதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் படத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. இந்த நிறம் அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஃபைலியில் இருந்த பட்லின்ஸ் விடுமுறை முகாமில் வாடிக்கையாளர்களைப் படமெடுக்கும் வேலை பார்த்தபோது, அங்கே விற்ற ஜான் ஹைண்ட் நிறுவனத்தின் அஞ்சலட்டைகளைப் பார்த்தார். மிட்டாய்த்தாள் போல நிறமேற்றப்பட்ட அட்டைகள் அவை. அமெரிக்காவில் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1976இல் காட்சிக்கு வைத்திருந்தது. தீவிரமான புகைப்படத்துக்கு வண்ணம் ஆகாது என்ற பழைய எண்ணம் தளரத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் ஓய்வு நாளில் என்ன செய்கிறார்கள் என்பதை அவருக்கு முன்பே பார்த்தவர் 1972இல் இளவயதில் இறந்த புகைப்படக் கலைஞர் டோனி ரே-ஜோன்ஸ். அவர் தனக்குத்தானே எழுதி வைத்த குறிப்புப் பட்டியலில் இன்னும் கிட்டே போ, சலிப்பான படம் எடுக்காதே என்றெல்லாம் இருக்கும். பார் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் போலத்தான் வேலை பார்த்தார்.

கேமராவும் தூரமும்

நியூ பிரைட்டனில் அவர் கையில் இருந்தது பிளாபெல் மகினா. 120 ஃபிலிமில் 6×7 செ.மீ. அளவு நெகட்டிவ் தரும், இரட்டை உருவத்தை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா. அதன் அகலக்கோண வகையில் 55 மி.மீ. லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது, 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள இன்றைய முழு ஃபிரேம் கேமராவில் அது ஏறக்குறைய 28 மி.மீ. லென்ஸின் பார்வைக்குச் சமம். ஒரு ஃபிலிம் சுருளில் 10 படம் மட்டுமே. 35 மி.மீ. சுருளின் 36 படத்துக்குப் பழகிய கைக்கு இது பெரிய கட்டுப்பாடு. கடற்கரையில் நின்றபடி பத்துப் படத்துக்கு ஒருமுறை சுருள் மாற்ற வேண்டும், மணல் உள்ளே போகாமல்.

இந்தக் கேமராவின் உண்மையான பயன் அதன் ஷட்டரில் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே அமைந்த லீஃப் ஷட்டர் என்பதால் நொடியில் 500இல் ஒரு பங்கு வேகம்வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் முழு ஃபிரேமுக்கும் ஒளி தரும். சாதாரண எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமராவில் இருப்பது ஃபோகல் பிளேன் ஷட்டர், அதாவது சென்சாருக்கு முன்னால் ஓடும் திரை. அதில் 1/200 அல்லது 1/250க்கு மேல் போனால் திரையின் நிழல் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். ‘ஹை ஸ்பீட் சிங்க்’ முறையில் அதைத் தவிர்க்கலாம், ஆனால் ஃபிளாஷின் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெயிலில் ஃபிளாஷ் அடிப்பவருக்கு அந்த இழப்பு சின்னதல்ல.

வெயிலில் எதற்கு ஃபிளாஷ்? உச்சிவெயிலில் மனிதர்களின் கண்குழிகளும் மூக்கின் கீழும் கறுத்துப்போகும், வானம் வெளுத்துவிடும். ஃபிளாஷ் முகத்துக்கு ஒளி தந்துவிட்டால், வெயிலின் அளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுக்கலாம். வானம் ஆழ்ந்த நிறம் பெறும், முன்னால் நிற்பவர் பின்னணியிலிருந்து கத்தரித்து ஒட்டியதுபோல் எழுந்து நிற்பார். பார் படங்களின் அந்த ஒட்டாத தன்மைக்குப் பெரிய ரகசியம் ஏதுமில்லை, இந்த ஒரு ஸ்டாப்தான்.

கணக்கைப் பார்ப்போம். லேசான மேகமூட்டம், ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 400. வெளிச்சமானி ஷட்டர் வேகம் 1/250 நொடி, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர் எஃப்/8 என்று காட்டுகிறது. அப்பர்ச்சரை எஃப்/11க்குச் சுருக்கினால் பின்னணி ஒரு ஸ்டாப் இருளும். ஆள் 2 மீட்டர் தூரத்தில். ஃபிளாஷின் வலுவைக் குறிக்கும் வழிகாட்டி எண், எஃப் எண்ணையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது: இங்கே தேவை 11 × 2 = 22, இது ஐ.எஸ்.ஓ. 400க்கு. ஐ.எஸ்.ஓ. 100க்கு அதில் பாதி, அதாவது 11. உங்கள் ஃபிளாஷின் வழிகாட்டி எண் முழு வலுவில் 44 என்றால், அதில் கால் பங்கு போதும். வலு அந்த எண்ணின் வர்க்கமாகக் குறையும் என்பதால் ஃபிளாஷின் வலுவை 1/16இல் வைக்க வேண்டும். 1/16 என்றால் ஃபிளாஷ் கண் இமைக்கும் நேரத்தில் மறுபடி தயாராகிவிடும். முழு வலுவில் அடித்துக்கொண்டிருந்தால் சில நொடி காத்திருக்க வேண்டும். நல்ல தருணங்கள் அந்தச் சில நொடியில்தான் போகும்.

லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷைத் தானே தீர்மானிக்கும் டி.டி.எல். முறையை நம்பி இறங்குபவர்கள் கடற்கரையில் ஏமாறுவார்கள். வெள்ளைத் துண்டு ஃபிரேமில் பாதியை அடைத்தால் ஃபிளாஷ் தன்னைக் குறைத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கும். கருநிற உடை அடைத்தால் முகம் வெளுத்துப்போகும். தூரத்தை 2 மீட்டராக முடிவுசெய்து, எல்லாவற்றையும் கையால் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தத் தூரத்துக்கு நாம் நடந்து போவதே உறுதியான வழி.

தூரத்தை முடிவுசெய்தால் ஃபோகஸும் முடிவாகிறது. முழு ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் 2 மீட்டருக்கு வைத்தால் ஏறக்குறைய 1.1 மீட்டர் முதல் 12 மீட்டர்வரை தெளிவாக விழும். பார் பயன்படுத்திய பெரிய நெகட்டிவில் இந்தச் சலுகை இல்லை. 55 மி.மீ. லென்ஸ், அதே எஃப்/11, அதே 2 மீட்டர்: தெளிவு சுமார் 1.4 மீட்டரில் தொடங்கி 3.5 மீட்டரில் முடிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டை உருவம் ஒன்றுசேர்வதைப் பார்த்துத் திருகித்தான் எடுக்க முடியும். அவர் படங்களைப் பார்த்துப் ‘போகிறபோக்கில் சுட்டது’ என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பது நல்லது.

ஃபிளாஷ் கெடுக்கும் விதங்களும் சில உண்டு. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேயும்: 1 மீட்டரில் நிற்பவர்மேல் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் 3 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும். ஃபிரேமின் ஓரத்தில் ஒரு தோள் மிக அருகில் நுழைந்தால் அது வெள்ளைப் பிழம்பாகிப் படத்தையே விழுங்கும். முக்கியமான ஆட்கள் எல்லோரும் கேமராவிலிருந்து ஒரே அளவு தூரத்தில் விழும் கோணத்துக்கு நகர்வது தவிர வேறு மருந்தில்லை. வியர்த்த நெற்றி எண்ணெய்ப் பூச்சுபோல மின்னும். மழையில் லென்ஸுக்கு அருகே விழும் துளிகள் வெள்ளை உருண்டைகளாகப் பதியும். இந்தக் கடைசிக் குறையைப் பார் வேண்டுமென்றே பயன்படுத்தினார்: 1982இல் வந்த ‘பேட் வெதர்’ தொகுப்பில், நீர்புகாக் கேமராவோடு மழையிலும் பனியிலும் ஃபிளாஷ் அடித்துத் துளிகளையே பொருளாக்கினார். வெளியிடத்தில் ஃபிளாஷ் என்ன செய்யும் என்று அவர் பழகிக்கொண்டதும் அங்கேதான், கறுப்பு வெள்ளையில்.

கட்டடத்துக்குள் இன்னொரு தொல்லை. ஃபிளாஷின் நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்தது, ஏறக்குறைய 5500 கெல்வின். அதனால் கடற்கரையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பழைய டியூப்லைட் போட்ட கடையில் முன்னால் நிற்பவர் இயல்பாகவும் பின்னணி பச்சையாகவும் வரும். குண்டு பல்பு என்றால் பின்னணி ஆரஞ்சு. ஃபிளாஷின் முன் பச்சை அல்லது ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டி, பிறகு மொத்தமாக நிறத்தைத் திருத்தலாம். ஃபிளாஷ் பின்னணியையும் எட்டும் அளவுக்கு இடம் சிறிதாக இருந்தால், ஷட்டர் வேகத்தைக் கூட்டி விளக்கொளியை ஒதுக்கிவிடலாம். வண்ண நெகட்டிவ் ஃபிலிமுக்கு இந்த வகையில் பொறுமை அதிகம். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி விழுந்தாலும் நிறம் நிற்கும். ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் தவறினாலே தெரியும். வீட்டுப் படம் எடுப்பவர்கள் வாங்கும் ஃபியூஜி 400 ஃபிலிம் பாருக்குப் போதுமானதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிட்டே போவது

2 மீட்டரில் நின்று முகத்தில் ஃபிளாஷ் அடிப்பவர் ஒளிந்துகொள்ள முடியாது. ஒளிந்து எடுப்பவரைத்தான் கடற்கரை சந்தேகிக்கும், தூரத்து மரத்தடியில் நீள லென்ஸோடு நிற்பவரை. பார் நேராக உள்ளே நடந்தார், முன்கூட்டி அனுமதி கேட்பதில்லை. கேட்டால் ஆட்கள் கேமராவுக்காக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், அதோடு படம் போயிற்று. எடுத்து முடித்ததும் கேமராவைச் சட்டென்று இறக்காமல், அவர்களுக்குப் பின்னாலிருக்கும் எதையோ பார்ப்பதுபோல நின்றுவிட்டால், படமெடுக்கப்பட்டவரும் திரும்பி அதைத்தான் தேடுவார். இது சிறிய தந்திரம்தான். இதில் ஒரு நேர்மைக் குறைவும் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

பிரிட்டனில் பொது இடத்தில் மனிதர்களைப் படமெடுக்கச் சட்டப்படி பொதுவாக அனுமதி வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஒருவரின் உருவத்தை வெளியிட அவர் சம்மதம் தேவை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, சில விதிவிலக்குகளோடு. பிரான்சிலும் தன் உருவத்தின்மீதான உரிமை வலுவானது. சட்டம் ஒரே மாதிரி இருக்கும் நாட்டிலும் மனநிலை மாறும். நியூ பிரைட்டன் படங்களில் குழந்தைகள் எங்கும் இருக்கிறார்கள், அழுகிறார்கள், அரை உடையில் தண்ணீரில் நிற்கிறார்கள். இன்று அதே கடற்கரையில் ஒருவர் அப்படி எடுக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் பெற்றோர் யாராவது எதிரில் வந்து நிற்பார்கள். அவர்கள் நிற்பது நியாயமும்தான். அன்று படம் புத்தகத்துக்குப் போனது, இன்று எங்கே போகும் என்று எடுத்தவருக்கே தெரியாது. முதலில் பெற்றோரிடம் பேசி, குழந்தைகள் நம்மை மறக்கும்வரை காத்திருப்பதுதான் இப்போதைக்கு வழி. நேரம் பிடிக்கும், படத்தின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும்.

வர்க்கம் என்ற புண்

‘தி லாஸ்ட் ரிசார்ட்’ லிவர்பூலில் காட்சிக்கு வந்தபோது பெரிய சலசலப்பில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு நியூ பிரைட்டன் எப்படியிருக்கும் என்பது தெரிந்ததுதான். 1986இல் லண்டனின் செர்பென்டைன் கூடத்துக்குப் போனதும் கொதிப்பு எழுந்தது. நடுத்தர வர்க்கத்து இளைஞர் ஒருவர், பிரதமர் தாட்சர் ஆட்சியில் வேலையிழந்து கிடக்கும் வட்டாரத்து ஏழைகளைக் காட்சிப் பொருளாக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மண்தோண்டும் இயந்திரத்தின் சக்கரச் சங்கிலிக்குப் பக்கத்தில், கான்கிரீட் தரையில் துண்டு விரித்து வெயில் காயும் பெண்ணின் படம் இதற்கு உதாரணமாகக் காட்டப்படும்.

குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. ஃபிளாஷ் யாரையும் அழகாக்குவதில்லை. தன் படம் இப்படி வரும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண் ஒப்புக்கொண்டிருப்பாரா என்ற கேள்விக்குப் பதில் படத்தில் இல்லை. ஆனால் குற்றம் சாட்டியவர்கள் பார்க்கத் தவறிய ஒன்று அதே படத்தில் இருக்கிறது: அரசும் மாநகராட்சியும் கைவிட்ட இடத்திலும் அந்தக் குடும்பம் தன் விடுமுறையை விடாப்பிடியாக நடத்திக்கொள்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் அவர்கள் பரிதாபத்துக்குரியவர்களாகியிருப்பார்கள், யாரும் சண்டைக்கு வந்திருக்கமாட்டார்கள். அது அவர்களுக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பார் அடுத்துச் செய்தது விமர்சகர்களுக்குச் சரியான பதில். 1987 வாக்கில் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்து, அதே கேமரா, அதே ஃபிளாஷோடு தன் சொந்த வர்க்கத்தின்மேல் திரும்பினார். தோட்ட விருந்துகள், புதுக் கடைத் திறப்புகள், கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவாளர்களின் கூடுகைகள் எல்லாம் ‘தி காஸ்ட் ஆஃப் லிவிங்’ தொகுப்பில் வந்தன. ஃபிளாஷ் அங்கேயும் யாரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு சுற்றுலா: பைசா கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல நிற்கும் கூட்டத்தை, அவர்களின் நண்பர்கள் நிற்கும் இடத்திலிருந்து எடுக்காமல் பக்கவாட்டிலிருந்து எடுத்தார். கோபுரம் கைக்குப் பொருந்தவில்லை. காற்றைத் தள்ளும் மனிதர்கள் மட்டும் தெரிகிறார்கள். இரண்டு அடி நகர்ந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இந்தப் பின்னணியில்தான் புகைப்படக் கலைஞர்களின் கூட்டுறவு நிறுவனமான மாக்னத்தில் அவருக்கு முழு உறுப்பினர் இடம் தருவது பெரும் சண்டையானது. வியட்நாம் போரை எடுத்த ஃபிலிப் ஜோன்ஸ் கிரிஃபித்ஸ் கடுமையாக எதிர்த்தார். 1994இல் வாக்கெடுப்பில் பார் மயிரிழையில் தப்பினார். மறு ஆண்டு பாரிசில் அவர் கண்காட்சியைப் பார்த்த, மாக்னத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்றி கார்த்தியே-பிரெசோன், நீங்கள் வேறொரு சூரிய மண்டலத்திலிருந்து வந்தவர் என்ற பொருளில் சொன்னார். உங்கள் படங்கள் வாழ்க்கையைக் கொண்டாடுகின்றன, என்னுடையவை அதை விமர்சிக்கின்றன, ஆனால் செய்தி கொண்டுவருபவனைச் சுடுவானேன் என்பதாகப் பார் பதில் எழுதினார். பின்னாளில் அதே மாக்னத்தின் தலைவராகவும் இருந்தார்.

தட்டும் விரலும்

1990களில் அவர் இன்னும் கிட்டே போனார். 35 மி.மீ. நிக்கான் கேமரா, மிக அருகிலிருந்து எடுக்க உதவும் 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ். பல் மருத்துவர்களும் பூச்சியியலாளர்களும் வைத்திருக்கும் கருவி இது. ஒளி எல்லாப் பக்கமிருந்தும் விழுவதால் நிழல் கிட்டத்தட்ட இராது. பொருளுக்குப் பின்னால் சுவர் நெருங்கியிருந்தால் மட்டும் மெல்லிய கறுப்பு விளிம்பு ஓடும். கிரீம் பூசிய கேக், மோதிரம் நெரிக்கும் விரல், வெயிலில் சுட்டுச் சிவந்த கழுத்து, தட்டில் சாசேஜ். முகமே இல்லாமல் ஒரு நுகர்வுச் சமூகத்தைக் காட்ட முடியும் என்பது இங்கே வெளிப்பட்டது. 1999இல் ‘காமன் சென்ஸ்’ கண்காட்சியை விலை குறைந்த வண்ண நகல்களாக அச்சிட்டு, பல நாடுகளில் 40க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் திறந்தார். பண்டம் போலவே படமும் மலிவாக, எங்கும் கிடைக்க வேண்டும் என்ற யோசனை.

மேக்ரோவில் கைநடுக்கம் பெரிய தொல்லையில்லை; ஃபிளாஷ் வெடிக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் அசைவு உறைந்துவிடும். தெளிவு ஆழம்தான் தொல்லை. 30 செ.மீ.க்கு உள்ளே போனால் எஃப்/16இல்கூட ஒரு சில சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்காது. தட்டை மேலிருந்து, பரப்புக்கு இணையாகப் பார்த்தால் அந்தச் சில சென்டிமீட்டரே போதும். சாய்த்துப் பிடித்தால் முன் விளிம்பு மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் கரைந்துவிடும், சாப்பாட்டு விளம்பரப் படம் மாதிரி அழகாகவும் ஆகிவிடும். பாருக்கு வேண்டாத அழகு அது.

எடுத்ததில் எத்தனை தேறும்? வருடத்துக்குப் பத்துப் படம் உருப்படியாகக் கிடைத்தால் மகிழ்ச்சி என்ற அளவில்தான் அவர் கணக்கு. மற்றவை வீண் என்று அர்த்தமில்லை. அன்றாடத்தின் ஆவணத்தில் எது முக்கியம் என்பது எடுக்கும் நாளில் தெரியாது. நியூ பிரைட்டனின் 1934ஆம் ஆண்டு நீச்சல்குளம் 1990இல் புயலில் சிதைந்து இடிக்கப்பட்டுவிட்டது. அதன் படிக்கட்டில் ஆட்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்று பார்க்க இன்று படங்கள்தான் உண்டு. விலைப்பலகை, பால் பாக்கெட்டின் வடிவம், பெட்ரோல் பம்ப், தொலைபேசி, செருப்பு எல்லாம் விரைவில் பழசாகி ஆண்டைக் காட்டிக்கொடுப்பவை. பின்னணியை மங்கலாக்கும் பெரிய அப்பர்ச்சர் மோகம் இவற்றைத்தான் முதலில் அழிக்கிறது. படக் குறிப்பில் பாரின் வழக்கம் ஊர், நாடு, ஆண்டு, அவ்வளவுதான். அதை அன்றிரவே எழுதாமல் விட்டால் இரண்டு வருடத்தில் எந்தக் கடை என்பதே மறந்துபோகும்.

இன்றைய அன்றாடத்தைப் படமெடுப்பவருக்கு வேறொரு தலைவலி: எல்லோரும் கைபேசியைப் பார்க்கிறார்கள், முகங்கள் ஒரே கோணத்தில் கவிழ்ந்திருக்கின்றன. செல்ஃபி எடுப்பவர்களையே பொருளாக்கி ஒரு புத்தகம் போட்டுப் பார் இதைச் சமாளித்தார். உள்ளரங்கில் கைபேசியோடு இருப்பவர்களை எடுக்க, கடற்கரை அளவுகளை அப்படியே கொண்டுபோனால் திரை கறுப்புக் கண்ணாடித் துண்டாக விழும். 1/250, எஃப்/11இல் திரையின் சொந்த ஒளி பதிவாகப் போதாது. ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/5.6, 1/60க்கு இறங்கி, ஃபிளாஷையும் இரண்டு ஸ்டாப் குறைத்தால் முகமும் திரையும் சேர்ந்து நிற்கும். திரை நேராக ஃபிளாஷை நோக்கியிருந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி தெறிக்கும், அரை அடி பக்கவாட்டில் நகர வேண்டும். ஷட்டரை அதிகம் வேகப்படுத்தினால் சில ஓ.எல்.இ.டி. திரைகளில் கிடைப்பட்டைகள் தெரியும். 1/60இல் பெரும்பாலும் தெரிவதில்லை.